வாப்பாவின் பொயின்ட்கள் அழியாமல் இருக்க

தென்மேற்குக் காற்று எழும்பி, கற்பிட்டிக் கரையில் போட்டுகளை மேலே இழுத்து வைத்திருந்த நாள்களில் ஓர் இளைஞன் வந்தான். சொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்த கையடக்க ஜிபிஎஸ் கருவியை மேசையில் வைத்து, "நானா, வாப்பாட பொயின்ட் எல்லாம் இதுலதான் இருக்கு. இப்ப திகதி பிழையாக் காட்டுது. ஒன்டும் அழியாம கொம்பியூட்டர்ல ஏத்தித் தரேலுமா?" என்று கேட்டான்.

அவன் கேட்டது இரண்டு வேலை. திகதி பிழையாகக் காட்டுவது பெரிய நோயல்ல. பொயின்ட்களை வெளியே எடுப்பதுதான் அவசரம். இருபது வயது தாண்டிய கருவி இன்று எழும்பியது போல நாளையும் எழும்பும் என்று யாரும் சொல்ல முடியாது. உடப்பிலிருந்து கற்பிட்டி வரையும், அதற்கப்பால் தீவுகளில் வாடி போட்டிருப்பவர்களிடமும் இப்படிப்பட்ட கருவிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பொயின்ட் என்றால் என்ன என்பது கடலுக்குப் போகிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. ஜிபிஎஸ் வருவதற்கு முன்னர், கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் நிறுத்தி, இன்னொரு திசையில் இன்னும் இரண்டை அதேபோல் நிறுத்தி, இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் வலையை இறக்குவார்கள். உயர்ந்த தென்னை, தேவாலயக் கோபுரம், பள்ளிவாசல் மினாரா எல்லாம் அடையாளங்கள்தாம். 2011-இல் மின்சாரம் தரத் தொடங்கிய நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி இந்தக் கரைக்குப் புதிய அடையாளம். கண்ணால் பார்த்து மனதில் வைத்த அந்த வெட்டுப்புள்ளியைத்தான் ஜிபிஎஸ் இரண்டு எண்களாக எழுதி வைக்கிறது. கடலடிப் பாறைத்திட்டுக்குக் கடலோரத் தமிழில் பார் என்று பெயர். கற்பிட்டிக்கு வெளியே இருக்கும் பெரிய பவளப் பாறைத் தொடரை, ஆங்கிலத்தில் பார் ரீஃப் என்பதை, 1992-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். 1998-இல் கடல்நீர் சூடேறியபோது அங்கே பவளம் பெருமளவில் வெளுத்துச் செத்தது. அதற்கு முன்னும் பின்னும் அந்தப் பக்கம் எங்கே எது இருந்தது என்ற நினைவில் ஒரு பகுதி இப்படிப்பட்ட பழைய கருவிகளுக்குள் கிடக்கிறது என்பதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

ஆகவே முதல் விதி: எதையும் திருத்தப் போகாதீர்கள். திகதி பிழை என்றவுடன் பலர் செய்வது, இரண்டு மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்திக் கருவியை முற்றாக ரீசெட் பண்ணுவது. அதைச் செய்தால் பெரும்பாலான மாதிரிகளில் பொயின்ட்கள் அத்தனையும் போய்விடும், திகதியோ திருந்தாது. அதேபோல், பெட்டரியைக் கழற்றி மாதக்கணக்கில் அலுமாரியில் போடவும் வேண்டாம். பழைய மாதிரிகள் சிலவற்றில், நான்கு பென்டோர்ச் பெட்டரி போடும் கார்மின் ஜிபிஎஸ் 12 காலத்துக் கருவிகளில், நினைவகத்தைக் காப்பது உள்ளே இருக்கும் சிறிய பெட்டரிதான். வெளியிலுள்ள பெட்டரியிலிருந்துதான் அது சார்ஜ் எடுக்கிறது. பட்டினி போட்டால் அதுவும் சாகும், நினைவும் சாகும். உங்கள் கருவி எந்த வகை என்று தெரியாதவரை, பொயின்ட்களை எடுத்து முடிக்கும் வரைக்கும் நல்ல பெட்டரி உள்ளேயே இருக்கட்டும்.

இனித் திகதி விஷயம். ஜிபிஎஸ் செய்மதிகள் 1980 ஜனவரி 6-ஆம் திகதியிலிருந்து வாரங்களை எண்ணுகின்றன. பழைய சமிக்ஞையில் அந்த எண்ணை எழுத 10 பிட் மட்டுமே ஒதுக்கியிருந்தார்கள். அதில் 1024 வாரங்கள்தான் எண்ண முடியும். அது நிரம்பியதும் மீண்டும் பூச்சியம். முதலில் 1999 ஆகஸ்ட்டில் நிரம்பியது. அடுத்தது 2019 ஏப்ரல் 6-க்கும் 7-க்கும் இடைப்பட்ட நள்ளிரவில். இனி 2038 நவம்பரில் நிரம்பும். புதிய கருவிகளுக்கு எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்று தெரியும். பழையவை ஏறத்தாழ 19 ஆண்டு 7 மாதம் பின்னால் போய் நின்றுவிடுகின்றன. கருவியில் மென்பொருளைப் புதுப்பிக்க வழியில்லை என்றால் அதைத் திருத்தவும் வழியில்லை. ஆனால் இடத்தைக் கணக்கிட வாரத்துக்குள் எத்தனையாவது செக்கன் என்பதே பெரும்பாலும் போதும். அதனால் மணி சரியாக இருக்கும், இடமும் சரியாக இருக்கும். திகதியை வைத்துக் கணக்கிடும் பக்கங்களை, சூரிய உதயம், பிறை, நீரேற்றம் ஆகியவற்றை மட்டும் நம்பாதீர்கள்.

பல மாதம் கிடந்த கருவி செய்மதிகளைப் பிடிக்க நேரம் எடுக்கும். எந்தச் செய்மதி எங்கே என்ற அட்டவணை அதனிடம் பழசாகிவிட்டிருக்கும். முழு அட்டவணையையும் வானத்திலிருந்து இறக்க 12 நிமிடமும் 30 செக்கனும் தேவை. தென்னைக்குக் கீழே வைக்காமல், திறந்த வெளியில் அரை மணி நேரம் வைத்துவிடுங்கள். பொயின்ட்களை எடுப்பதற்குச் செய்மதி தேவையே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் மேசையில் வைத்தே எடுக்கலாம்.

கருவி எழும்பவே இல்லை என்றால் முதலில் பெட்டரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். இந்தக் கரையில் கருவிகளைக் கொல்வது வயதைவிட உப்புக்காற்றுதான். ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அல்கலைன் பெட்டரி கசிந்திருக்கிறது. அது காரம். பஞ்சுக் குச்சியில் வினாகிரியோ எலுமிச்சைச் சாறோ இரண்டு சொட்டு தொட்டுத் துடைத்தால் கரையும். பச்சையாக இருந்தால் செம்பில் உப்பு ஏறியிருக்கிறது. பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்க்கலாம். இரண்டிலும் கடைசியாக, பார்மசியில் வாங்கும் ஐசோபுரொபைல் அல்கஹோலால் துடைத்து, முற்றாகக் காய்ந்த பிறகே புதுப் பெட்டரி. வினாகிரியின் அமிலத்தை அப்படியே விட்டால் அது தன் பங்குக்கு அரிக்கத் தொடங்கும்.

கருவியின் உடலைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டியையும் பாருங்கள். வெயிலில் பசை விட்டு அது நெகிழ்ந்திருக்கும். தண்ணீர் புகாது என்று பெட்டியில் எழுதியிருந்தது புதிதாக இருந்தபோது உண்மை. ஒரு மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் என்பதுதான் அந்தத் தரத்தின் அளவு. இன்று அதை நம்பிக் கடலில் நனைய விட முடியாது. கடலுக்குக் கொண்டுபோவதென்றால் ஒளி ஊடுருவும் தடித்த பையில் போட்டு வாயைக் கட்டுங்கள், பையோடு வைத்தாலும் செய்மதி பிடிக்கும். கரைக்கு வந்ததும் நன்னீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள்.

அடுத்தது கேபிள். பொறுமை அதிகம் தேவைப்படும் இடமும் இதுதான். கருவியின் பின்பக்கம் ரப்பர் மூடியைத் தூக்கினால் நான்கு முனைகள் தெரியும். சிலவற்றில் வட்டமாக இருக்கும். 2000-இல் வெளிவந்த மஞ்சள் நிறக் கார்மின் ஈ-டிரெக்ஸ் போன்றவற்றில் தட்டையாக இருக்கும். இரண்டுக்கும் கேபிள் வேறு, மாற்றிப் போட முடியாது. கேபிளின் மறுமுனையில் ஒன்பது ஊசித் துளைகள் கொண்ட சீரியல் பிளக் இருக்கும். அதைச் செருகும் துறை இன்றைய லெப்டொப்களில் இல்லை. ஆகவே சீரியலை யூ.எஸ்.பி.யாக மாற்றும் ஓர் அடப்டர் வாங்க வேண்டும். வாங்கும்போது ஒன்பது ஊசிப் பிளக் பொருத்திய, ஆர்.எஸ். 232 என்று எழுதிய அடப்டராகப் பார்த்து வாங்குங்கள். வெறும் நான்கு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பலகைகள் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அவற்றின் மின்னழுத்தமும் சமிக்ஞையின் போக்கும் வேறு. அவை இதற்கு உதவா.

அடப்டரைச் செருகியும் விண்டோஸ் அதை ஏற்காமல் மஞ்சள் முக்கோணம் காட்டினால், கேபிளில் பிழை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பெரும்பாலும் உள்ளே இருக்கும் சிப் போலியாகவோ மிகப் பழையதாகவோ இருக்கும். புதிய டிரைவர்கள் அவற்றை வேண்டுமென்றே ஒதுக்கிவிடும். வேறு சிப் உள்ள அடப்டரை மாற்றுங்கள். எஃப்.டி.டி.ஐ. சிப் உள்ளவை எனக்குத் தொந்தரவு தந்ததில்லை. இன்னொரு வழி லினக்ஸ். இந்த அடப்டர்களுக்கான டிரைவர்கள் அதன் உள்ளேயே வருவதால், விண்டோஸ் தள்ளிவிட்ட அடப்டரையும் பல நேரம் அது ஏற்றுக்கொள்ளும். லினக்ஸை யூ.எஸ்.பி. பென்னில் போட்டு, லெப்டொப்பில் இருப்பதைத் தொடாமலே இயக்கலாம்.

இணைத்தவுடன் கருவியின் செட்டப்பில் இன்டர்ஃபேஸ் என்ற பக்கத்துக்குப் போங்கள். அங்கே இரண்டு மூன்று தெரிவுகள் இருக்கும். என்.எம்.ஈ.ஏ. என்று இருந்தால் கருவி தன் இடத்தை மட்டும் இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கும், சேமித்ததை முழுதாகத் தராது. கார்மின் கருவி என்றால் கார்மின் என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். இந்த ஒரு வரியைப் பார்க்காமல் அரை நாள் கேபிளைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கணினிப் பக்கத்தில் ஜிபிஎஸ்பேபல் என்ற இலவச மென்பொருள் போதும். விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். எந்த வகைக் கருவி, எந்தத் துறை எண், என்ன வடிவத்தில் எழுத வேண்டும் என்று மூன்றைக் கேட்கும். வடிவத்துக்கு ஜி.பி.எக்ஸ். என்று கொடுங்கள். அது வெறும் எழுத்துக் கோப்பு. எந்தக் கருவியும் இல்லாமல் நோட்பேடில் திறந்தே எண்களைப் படிக்கலாம், அதனால்தான் அதை நம்புகிறேன். ஈ-டிரெக்ஸில் அதிகபட்சம் 500 பொயின்ட்கள். அத்தனையும் வர ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகாது. அந்தக் கோப்பைத் தொலைபேசியில் ஓஸ்மான்ட் போன்ற வரைபடச் செயலியிலும், கணினியில் ஓப்பன் சி.பி.என். என்ற கடல்வரைபட மென்பொருளிலும் திறக்கலாம், புதுக் கருவிக்கும் ஏற்றலாம். ஒரு பிரதியைக் கணினியில், ஒன்றைப் பென்னில், ஒன்றைத் தாளில் அச்சடித்து வீட்டில் வையுங்கள்.

கேபிளே கிடைக்கவில்லை என்றால் கையால் எழுதலாம். ஒருவர் படிக்க ஒருவர் எழுத, பிறகு ஆளை மாற்றிப் படித்துச் சரிபார்க்க வேண்டும். இந்த வழியில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது எழுதும் முறை. கருவியில் வடக்கு 8 பாகை 14.400 கலை என்று தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தசமப் பாகையில் எழுதினால் 8.24. பாகை, கலை, விகலையாக எழுதினால் 8, 14, 24. யாராவது 14.400-ஐ 14 கலை 40 விகலை என்று எழுதிவிட்டால் ஏறத்தாழ 490 மீற்றர் தள்ளிப் போவீர்கள். 8.144 என்று தொலைபேசியில் அடித்துவிட்டால் பத்துக் கிலோமீற்றருக்கு மேல். வடக்கு தெற்காக ஒரு கலை என்பது ஏறத்தாழ ஒரு கடல்மைல், 1852 மீற்றர், என்பதை மனதில் வைத்திருந்தால் இந்தப் பிழை கண்ணில் படும்.

இரண்டாவது பொறி டேட்டம், அதாவது பூமியின் வடிவத்துக்கு எந்த அளவுகோலை அடிப்படையாக எடுத்திருக்கிறது என்பது. நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடங்கள் கண்டவல டேட்டத்தில் வரையப்பட்டவை. பழைய கருவிகளின் பட்டியலிலும் கண்டவல இருக்கிறது. தாள் வரைபடத்தோடு பொருந்த வேண்டும் என்று யாரோ ஒருநாள் அதை மாற்றி வைத்திருக்கலாம். இன்றைய தொலைபேசிகள் எல்லாம் டபிள்யூ.ஜி.எஸ். 84. இரண்டுக்கும் இடையே நம் கரையில் சில நூறு மீற்றர் வித்தியாசம் வரும். கார்மின் கருவிகள் உள்ளே எப்போதும் டபிள்யூ.ஜி.எஸ்.-இல்தான் சேமிக்கின்றன, திரையில் காட்டும்போதுதான் மாற்றுகின்றன. ஆகவே கேபிள் வழியே வருவது சரியாக வரும். கையால் எழுதுகிறவர் மட்டும் முதலில் செட்டப்பில் டேட்டத்தைப் பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

2000 மே மாதத்துக்கு முன்னர் எடுத்த பொயின்ட் என்றால் இன்னொன்றும் உண்டு. அதுவரை அமெரிக்கா பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. 100 மீற்றர் வரை தள்ளிக் காட்டும். அந்த மாதத் தொடக்கத்தில்தான் அதை நிறுத்தினார்கள். ஆகவே அக்காலத்துப் பொயின்டுக்குப் போய் ஆழம் பார்த்து, பாரைக் கண்டுபிடித்து, புதிதாக ஒருமுறை குறித்துக்கொள்வது நல்லது.

இந்தக் கரையில் வளைகுடாவுக்குப் போய் வந்தவர்கள் வீட்டில் இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பழைய கருவியும் இருக்கலாம். எலக்ட்ரோனிக் டயரி, அல்லது கோல் பிடித்து எழுதும் பாம். 1996-இல் பைலட் என்ற பெயரில் முதல் பாம் வந்தபோது அதன் நினைவகம் 128 கிலோபைட். முகவரி, நாட்குறிப்பு, செய்ய வேண்டியவை, குறிப்பு என்ற நான்கும் அதற்குள் அடங்கின. அதன் நோயும் ஜிபிஎஸ்ஸின் நோயும் ஒன்றே. அதே ஒன்பது ஊசிச் சீரியல் தொட்டில், அதே அடப்டர். நினைவகம் மட்டும் இன்னும் பலவீனமானது. ஆரம்பகால பாமில் இரண்டு சிறிய பெட்டரிகளையும் கழற்றி ஒரு நிமிடத்துக்குமேல் தாமதித்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரோனிக் டயரிகளில் பிரதான பெட்டரி ஒன்று, காவல் பெட்டரி ஒன்று என இரண்டு இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்கக் கூடாது.

அலுமாரியில் ஆண்டுக்கணக்கில் செத்துக் கிடந்த பழைய பாம் என்றால், உள்ளே எதுவும் மிச்சமிருக்காது. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தக் காலத்தில் அதை இணைத்த பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க் வீட்டில் இருந்தால், அதில் பாம் என்ற ஃபோல்டருக்குள் உரியவரின் பெயர் போட்ட ஒரு ஃபோல்டரில் கடைசியாக இணைத்த நாளின் பிரதி இருக்கும். உயிரோடு இருக்கும் பாமை 64 பிட் விண்டோஸில் யூ.எஸ்.பி. வழியே இணைக்க அதைத் தயாரித்த நிறுவனம் டிரைவர் எழுதவில்லை. இங்கேயும் லினக்ஸ்தான் கைகொடுக்கும். பைலட் லிங்க் என்ற மென்பொருள் முழுப் பிரதியை எடுத்துத் தரும், ஜே-பைலட் அதைத் திறந்து காட்டி, வேறு வடிவத்தில் எழுதியும் தரும். எடுத்த பிரதியை கிளவுட்பைலட் என்ற எமுலேட்டரில் போட்டால் இணைய உலாவிக்குள்ளேயே பழைய பாம் எழும்பி நிற்கும். அந்தக் கருவிக்கும் ஒரு கடைசி நாள் உண்டு. ஆண்டை 1904-இலிருந்து 7 பிட்டில் எண்ணுவதால் அதன் நாட்காட்டி 2031-க்கு மேல் போகாது. அதிலிருந்து எடுத்த பழைய தொலைபேசி எண்களையும் அப்படியே அழுத்தினால் மணி அடிக்காது. 01-க்குப் பின் ஆறு இலக்கம் வரும் கொழும்பு எண் இருந்தால், அந்த 01-ஐ 011-2 என்று மாற்றிப் பாருங்கள்.

கொமியூனிகேஷன் கடைக் கணினியில் இந்த வேலையைச் செய்கிறீர்கள் என்றால், முடிந்ததும் கோப்பை அங்கிருந்து அழித்துவிட்டு வாருங்கள். ஒருவர் இருபது வருடம் தேடிச் சேர்த்த பார்கள் அவை. கேட்காமல் யாருக்கும் அனுப்பவோ, இணையத்தில் ஏற்றவோ கூடாது.

இனி, கேபிளால் எடுக்க முடியாத ஒன்றைப் பற்றி. பழைய ஈ-டிரெக்ஸ் போன்றவற்றில் ஒரு பொயின்டின் பெயருக்கு ஆறு எழுத்துத்தான், அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்து. பாமிலும் தமிழ் கிடையாது. ஆகவே ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் விளங்கும் சுருக்கங்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். இன்னும் சில, பெயரே இல்லாமல் 014, 015 என்று கருவி கொடுத்த எண்ணோடு கிடக்கும். ஜி.பி.எக்ஸ். கோப்பில் ஒவ்வொரு பொயின்டுக்கும் குறிப்பு எழுத இடம் இருக்கிறது, யூனிகோட் என்பதால் தமிழிலேயே எழுதலாம். அதை எழுதும்வரை வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

அந்த இளைஞனின் பொயின்ட்கள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, அவனை வாப்பாவுக்கு அழைப்பெடுத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். அவன் ஒவ்வொரு பெயராக வாசிக்க, அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. இதில் விளைமீன், இது பழைய வாடிக்கு நேரே, இது மாரி காலத்தில் மட்டும். கல்பார் என்பதைச் சுருக்கி ஆறு எழுத்தில் ஒன்று இருந்தது. நல்ல பாராக இருக்கும் என்று நினைத்து, காற்று அடங்கியதும் முதலில் அங்கே போகலாமா என்று அவன் கேட்டான்.

"அது மீன் கெடைக்கிற எடம் இல்ல மகன். ரெண்டு தரம் வல மாட்டிக் கிழிஞ்ச எடம். தள்ளிப் போறதுக்குத்தான் குறிச்சு வச்ச."

அவன் ஒன்றும் பேசாமல் கணினியைத் தன் பக்கம் திருப்பினான். அந்தப் பொயின்டின் குறிப்புக் கட்டத்தில், வலை மாட்டும், கிட்டப் போகாதே என்று தானே தமிழில் அடித்துவிட்டு, அடுத்த பெயரை வாசித்தான்.